கைக்குழிக்கு நின்றவர்கள்

திண்டுக்கல்லில் தையற்கடை வைத்திருக்கும் என் அக்காவுக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்று பின்தொடரும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பிளவுஸ் வெட்டுவதில், குறிப்பாகக் கை பொருத்தும் வளைவான கைக்குழியில், வரும் சிக்கல்களை ஒரு நிமிடத்துக்குள் சொல்வது அவள் வேலை. படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் எழுத்து போடுவதும் என் வேலை. அவள் முகம் பெரும்பாலும் திரையில் வராது. கை, கத்தரிக்கோல், சாக்பீஸ், இஞ்ச் டேப், அவ்வளவுதான். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண், குரலை வைத்தே அடையாளம் கண்டு, "நீங்க கைக்குழி அக்காதானே?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கும் கொஞ்சம் மரியாதை.

கூட்டம் சேர்ந்தது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு ஏற்றினால் நல்லது, எந்தப் பாட்டை வைத்தால் ஓடும், எத்தனை ஹேஷ்டேக் போட வேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் பதில். இதையெல்லாம் கற்றுத்தர ஆன்லைன் வகுப்புகளும் உண்டு. முப்பதே நாளில் லட்சம் ஃபாலோயர் என்று விளம்பரம் செய்கிறவர்களில் பலருக்கு வகுப்பு விற்பதே முக்கியத் தொழில் என்பது என் சந்தேகம்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்குத்தான் அதில் வருவது தெரியும். டிக்டாக் அந்த வழக்கத்தை மாற்றியது. யாரென்றே தெரியாத சிலரிடம் வீடியோவை முதலில் காட்டும். அவர்கள் கடைசிவரை பார்த்தார்களா, பாதியில் தள்ளிவிட்டார்களா, யாருக்காவது அனுப்பினார்களா என்று கவனிக்கும். தேறினால் இன்னும் பெரிய கூட்டத்துக்குக் காட்டும். ரீல்ஸும் ஷார்ட்ஸும் இதே வழிக்கு வந்தன. பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றையும்தான் முக்கியமாகப் பார்க்கிறோம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார். புதியவர்களிடம் போய்ச் சேர, லைக்கைவிட அனுப்புவதற்கே எடை அதிகமாம். அதனால்தான் பத்து பேர் பின்தொடரும் ஒருவரின் வீடியோ லட்சம் பேருக்குப் போகிறது. லட்சம் பேர் பின்தொடரும் இன்னொருவரின் வீடியோ சில நூறோடு படுத்துக்கொள்கிறது. தையற்காரிகளும் லாரி டிரைவர்களும் கரகாட்டக்காரர்களும் மேலே வர முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்திருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

முதல் மூன்று வினாடியில் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது இந்தத் தொழிலின் வேதம். 'ஹூக்' என்பார்கள். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று சந்தையில் கூட்டம் சேர்த்து, கடைசிவரை சண்டை விடாமல் தாயத்து விற்றுவிட்டுப் போனவர் செய்ததும் இதைத்தான். ஆனால் அவருக்கு இருந்த வசதி நமக்கில்லை. நடுவில் நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்று அவர் மிரட்டலாம். இங்கே கட்டைவிரலை அசைத்தால் போதும், ஆள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான். அவன் போனதையும் செயலியின் இயந்திரம் குறித்துக்கொள்ளும். ஆசை காட்டி ஏமாற்றும் வீடியோ பாதியிலேயே கூட்டத்தை இழப்பது இப்படித்தான்.

அக்கா செய்வது நேர் எதிர். பதிலை முதல் வரியிலேயே சொல்லிவிடுவாள். "கைக்குழியில சுருக்கம் விழுதா? முன்பக்கத்தை இன்னும் அரை இஞ்ச் உள்வாங்கி வெட்டுங்க." முடிந்தது. விடையைச் சொன்னபின் எவர் நிற்பார் என்று கேட்டேன். "தைக்கிறவளுக்கு வழி மட்டும் தெரிஞ்சாப் போதாதுடா, கை போற விதம் தெரியணும்" என்றாள். நின்றார்கள். சாக்பீஸ் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள். தைக்கத் தெரியாத பெண்கள் தங்கள் தெரு டெய்லருக்கு அனுப்பினார்கள். "எங்க டெய்லர் அக்காவுக்கு அனுப்பிட்டேன், இனியாவது ஒழுங்கா தைக்கட்டும்" என்று ஒரு கமெண்ட். மொசேரி சொன்ன மூன்றில் இரண்டு, எந்தத் தந்திரமும் இல்லாமல் அதில் நடந்துவிட்டது.

அடுத்து என்ன போடுவது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மதியம் சாப்பாட்டுக்குப்பின் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் அக்கா கமெண்டுகளைப் படிப்பாள். துவைத்தபின் லைனிங் ஏன் சுருங்குகிறது என்று ஒருத்தி கேட்டிருப்பாள். தைக்கும் முன்பே துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து எடுக்கச் சொல்வது அடுத்த வீடியோ. படகுக் கழுத்து தோளில் இறங்குகிறது என்பாள் இன்னொருத்தி. அது அதற்கடுத்தது. கேட்டவளின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவாள். எங்கள் ஊர்ப் பேச்சைப் பொதுத்தமிழாக மாற்றச் சொல்லி உறவினர் ஒருவர் யோசனை தந்தார். அக்காவுக்கு அது வரவில்லை, நல்லவேளை.

இடையில் ஒரு கூத்து நடந்தது. கடைக்கு வந்துபோகும் பூனை ஒன்று தையல் மெஷின்மேல், அரைகுறையாய்த் தைத்த பட்டு பிளவுஸில் சுருண்டு தூங்கியது. எழுப்ப மனமில்லாமல் அக்கா அதைச் சுற்றி வளைத்து ஊசி வேலை செய்தாள். விளையாட்டாகப் படம் பிடித்துப் போட்டோம். அதுவரை வராத அளவுக்கு வந்தது. தமிழ் தெரியாதவர்களெல்லாம் இதயம் போட்டார்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கை குதித்தது, வீட்டில் பாயசம் வைக்காத குறை. அடுத்து போட்ட கைக்குழி வீடியோ மட்டும் எழுந்திருக்கவே இல்லை. காரணம் புரிய நாளாயிற்று. பூனைக்காக வந்தவர்களிடமும் இயந்திரம் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறது. அவர்களுக்குக் கைக்குழியால் ஆவதென்ன? தள்ளிவிட்டுப் போனார்கள். அவர்கள் தள்ளியதைப் பார்த்த இயந்திரம், இது யாருக்கும் வேண்டாத வீடியோ போல என்று முடிவு கட்டிவிட்டது. வைரலாவதைப் பற்றி நான் கேட்ட எந்த அறிவுரையிலும் இது இல்லை. தவறான கூட்டம், கூட்டமே இல்லாததைவிட மோசம். மறுபடி தையற்காரிகளின் கண்ணில் படும்வரை மாதக்கணக்கில் துணியும் கத்தரிக்கோலுமாகவே போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பூனை இன்றும் வருகிறது. படம் பிடிக்க அக்கா விடுவதில்லை.

எண்ணிக்கையை நம்பி ஏமாறாதிருக்க இன்னொரு காரணமும் உண்டு. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று யூடியூப் கணக்கிடுகிறது. எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது அதில் சேராது. காசு தருவதற்கு வேறு கணக்கு. விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் 1,000 சப்ஸ்கிரைபரோடு, 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடி பார்வையோ, ஓராண்டில் நீள வீடியோக்களில் 4,000 மணி நேரமோ வேண்டும். அதைத் தாண்டினாலும், ஷார்ட்ஸில் நமக்கென்று ஒதுக்கும் தொகையில் 45 சதவீதம்தான் கைக்கு வரும். நம்மூர்ப் பார்வைக்கு விளம்பரக்காரர் தரும் விலையில் அது டீச்செலவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அக்காவுக்கு வருமானம் வந்தது வேறு வழியில். வீடியோ பார்த்துத் தேடி வந்து தைக்கக் கொடுத்தவர்கள், அளவு எழுதிய பேப்பர் கட்டிங்கைத் தபாலில் வாங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தவர்கள். லட்சத்தில் அவர்கள் ஒரு கைப்பிடி. கடை வாடகையைக் கட்டுவது அந்தக் கைப்பிடிதான்.

இந்தக் கைப்பிடியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதைக் கற்றுத்தந்தது எங்களுக்குத் தெரிந்த கரகாட்டக் கலைஞர் ஒருவரின் கதை. அவர் டிக்டாக்கில் கொடி கட்டிப் பறந்தார். அதைப் பார்த்துத் திருவிழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது. சில வாரங்களில் அது விலகிவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது எல்லாம் ஒரே இரவில் போயிற்று. பின்தொடர்ந்தவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட வழியில்லை. ஜூலையில் ரீல்ஸும் செப்டம்பரில் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. மோஜ், ஜோஷ் என்று உள்நாட்டுச் செயலிகளும் முளைத்தன. எதிலும் பழைய கூட்டத்தை அவரால் சேர்க்க முடியவில்லை. தப்பியது, விழாக் கமிட்டிக்காரர்களின் போன் நம்பர் எழுதிய ஒரு டைரி. கொரோனா தணிந்தபின் அவருக்கு ஆட்டம் கிடைத்தது அந்த டைரியால்.

அக்காவின் மேஜையிலும் அப்படியொரு நீள நோட்டு இருக்கிறது. பேப்பர் கட்டிங் வாங்கியவர் பெயர், ஊர், நம்பர், என்ன அளவு என்று வரிசையாக எழுதியிருப்பாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்பு அவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் செய்தி போகும். அதற்கு வரும் பதில்களைப் பார்த்தால் ரீல்ஸின் கமெண்டுகள் அந்நியமாகத் தெரியும். மகளுக்குச் சடங்கு, தங்கைக்கு நிச்சயம், தறி ஓடவில்லை, மெஷின் பழுது என்று ஊர்க் கதையெல்லாம் அதில் வரும். என்னைக் கேட்டால் அவளுடைய கூட்டம் அந்த நோட்டில் இருப்பவர்கள்தான். திரையில் தெரிகிற எண், அந்த நோட்டுக்கு ஆள் கூப்பிட உதவுகிற மைக் செட்.

புதிதாகத் தொடங்கப் போகிறவர்கள் தாராளமாகத் தொடங்குங்கள். கேமராவுக்கும் லைட்டுக்கும் கடன் வாங்காதீர்கள், கையிலிருக்கும் போனும் ஜன்னல் வெளிச்சமும் போதும். எடுத்த வீடியோக்களை, பாட்டும் எழுத்தும் சேர்க்கும் முன்பே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். நாளைக்கு வேறொரு செயலி வந்தால் அங்கே போட உதவும். தேடி வருகிறவர்களிடம் போன் நம்பர் வாங்கி, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.