அறுந்த இழையைப் பார்ப்பவர்

நான் தமிழாசிரியன். ஆனால் சங்கரன்கோவிலில் என் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் இலக்கிய மாணவர்கள் அல்லர். இளநிலைக் கணினி அறிவியல் படிப்பவர்கள். பகுதி ஒன்று தமிழ் என்ற பெயரில் என்னிடம் வந்து, மதிப்பெண்ணுக்கு வேண்டிய அளவு சங்கப் பாடலும் சிற்றிலக்கியமும் கேட்டுவிட்டுத் தங்கள் ஆய்வகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மென்பொருள் பற்றி எழுத எனக்குள்ள தகுதி இவ்வளவே. எனினும் சென்ற ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் சொன்ன செய்தி என்னை இன்னும் விடவில்லை.

அவர் சென்னையில் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுபவர். "எழுதுபவர்" என்று நான் சொன்னதும் சிரித்தார். "இப்போதெல்லாம் நான் எழுதுவதில்லை ஐயா. இயந்திரம் எழுதுகிறது. நான் சரி என்று ஒப்பமிடுகிறேன்."

2021இல் கிட்ஹப் கோபைலட் வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. வேண்டியதை நாம் பேசும் மொழியில் சொன்னால் இயந்திரமே நிரலை எழுதித் தரும் காலம் இது. இப்படி உருவான நிரலை உள்ளே பார்க்காமலே ஏற்றுக்கொண்டு போகும் முறைக்கு 2025 பிப்ரவரியில் ஆந்திரே கர்பாத்தி "வைப் கோடிங்" என்று பெயரிட்டார். வார இறுதி விளையாட்டுக்கு அது பொருந்தலாம். பிறர் பணத்தைக் கணக்கிடும் நிரலுக்கு எப்படிப் பொருந்தும்?

மாணவருக்கு நேர்ந்தது அதுதான். மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில் வாடிக்கையாளரிடம் கட்டணம் கழிக்கும் நிரல். இயந்திரம் ஒரு நிமிடத்தில் முந்நூறு வரிகள் தந்தது. பார்க்க அழகாக இருந்தது. சோதனைகளிலும் தேறியது. இரவு பதினொரு மணி. மறுநாள் வெளியிட வேண்டும். 31ஆம் தேதி கட்டுபவர்களுக்கு, 30 நாளே உள்ள மாதத்தில் என்ன செய்வது என்பது அதில் எங்குமே இல்லை. அது தெரியவந்தபோது கட்டணம் கழிக்கப்படாத கணக்குகள் குவிந்திருந்தன. "தெரியாமல் செய்த பிழை என்றால் வருத்தம் இல்லை ஐயா. படித்தேன் என்று ஒப்பமிட்டேன். படிக்கவில்லை" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவருடைய தந்தை எங்கள் ஊரில் விசைத்தறி ஓட்டுபவர். சங்கரன்கோவிலின் பாதித் தெருக்களில் தறிச் சத்தம்தான் காலத்தை அளக்கும். மகனைப் பார்க்கப் போனபோது அவரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். நான்கு தறிகளுக்கு ஒரே ஆள். "தறிதான் தானா நெய்யுதே, நீங்கள் என்ன அண்ணாச்சி செய்கிறீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "நெய்யும் சார். இழை அறுந்தா அதுக்குத் தெரியாதுல்லா. அது பாட்டுக்கு நெஞ்சிக்கிட்டே போகும். அதைப் பாக்கத்தான் நான் நிக்கேன்" என்றார்.

மகன் நிமிர்ந்து தந்தையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு பழையது. பிரான்சில் ஜக்கார்டு 1804இல் செய்த தறி, துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி பூவேலை நெய்தது. அந்த அட்டையைத்தான் பாபேஜ் தம் கணிப்பு இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹொலரித் துளையட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். தறியிலிருந்து கணினி கற்றது அட்டையை மட்டும்தானா, அருகில் நிற்கும் ஆளையும் கற்றதா என்பதே என் கேள்வி.

அத்தகைய ஆள் ஒருவரைப் பற்றி மாணவர் சொன்னார். எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கட்டற்ற மென்பொருள். உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் உள்ளது. அதைத் தனியொரு தன்னார்வலர் பேணிவந்தார். ஜியா டான் என்ற பெயரில் உதவ வந்த ஒருவர், இரண்டாண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் அதற்குள் ஒரு கள்ளவழியை வைத்தார். 2024 மார்ச்சில் ஆந்திரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தம் சோதனைக் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போய்க் கள்ளவழியைக் கண்டு, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அறுந்த இழை அவர் கண்ணில் பட்டது.

படாமற்போனால் என்ன ஆகும் என்பதை அதே ஆண்டு ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன.

இதில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் மரபே அறுந்த இழை பார்த்தவர்களின் மரபு. ஏடெழுதியவர் கைதவறிய ஓர் எழுத்து, அடுத்த படியில் இரண்டாகும், அதற்கடுத்ததில் பாடமாகவே ஆகிவிடும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடத்தைத் துணிந்தார். பிறர் எழுதியதை வரி வரியாக, ஐயத்தோடு படிப்பது அவருடைய உழைப்பில் பெரும்பகுதி. மென்பொருள் உலகத்துக்கு இன்று வேண்டியதும் அதுவே.

அந்தப் படிப்பை என் மாணவருக்கு நான் கற்றுத் தந்தேனா? இல்லை. பாடலுக்குப் பொழிப்புரை சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், தேர்வில் ஒப்பித்தார்கள். பாடலைப் படிக்காமலே பாடலைப் பற்றி எழுத முடியும் என்று மூன்றாண்டுகள் அவருக்குப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த இரவுப் பதினொரு மணி ஒப்பத்தில் என் பங்கும் உண்டு.

எங்கள் மாவட்டத்திலேயே, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகம் இயங்குகிறது. கல்லூரி செல்லாத பிள்ளைகளையும் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் பள்ளியை அந்நிறுவனம் 2005இலேயே தொடங்கியது. வேலை ஊர்ப்பக்கம் வந்துவிட்டது. வருகிற பிள்ளைகளுக்கு நிறுத்திப் படிக்கும் பழக்கம் இருக்கிறதா என்பதுதான் கவலை.

இன்னொரு கவலையும் உண்டு. தந்தைக்குக் கூலி நெய்த அளவுக்கு. பழுது வந்தால் பிடித்தம். கண் இமைக்காமல் நின்றதற்குத் தனிக்கூலி இல்லை. மகனுக்கும் முடித்த பணிகளே கணக்கு. படித்த நேரம் கணக்கில் வருவதில்லை என்கிறார். அத்துறையில் இருக்கும் நண்பர்கள், இது எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பருவத்தில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறேன். பாடலைக் கரும்பலகையில் எழுதும்போது ஒரு சொல்லை மட்டும் வேண்டுமென்றே மாற்றி எழுதுகிறேன். புத்தகத்தைப் பார்க்காமல், பொருளையும் ஓசையையும் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் நாள் கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த இடத்துல ஓசை தட்டுது" என்றார். அவர் சொன்னது நான் மாற்றிய சொல் அன்று. அறியாமல் நான் பிழையாக எழுதியிருந்த வேறொரு சொல்.