வேட்டையில்லா நாட்டில் ஒரு வேட்டைத் துப்பாக்கி

புதிதாக வாங்கிய பொருள் ஒன்றின் தரத்தை எடுத்துரைப்பது பொதுவாக அரிய செயலன்று. வண்டி வாங்கியவர் ஓட்டிப் பார்த்துச் சொல்வர். பசு வாங்கியவர் கறந்து பார்த்துச் சொல்வர். வேட்டைத் துப்பாக்கியை வாங்கியவன் மட்டும், வேட்டையே குற்றமாகிவிட்ட நாட்டில், அதன் தரத்தை எதைக்கொண்டு அளப்பான்? 2022-ஆம் ஆண்டு .315 ரைபிள் ஒன்றுக்கு உரிமையாளரான நாள் முதல் இவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. நமக்குக் கிடைத்த விடை, தங்கவயலை விட்டுத் தொலைதூரம் சென்று வாழும் நம் மக்களுக்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையால் இதனை எழுதுகிறோம்.

நாம் வாழும் ஊர் பூதிகோட்டை. பூதி என்பது திருநீறு. பெயரில் திருநீற்றைத் தாங்கிய இவ்வூர், வரலாற்றில் வெடிமருந்தையே மிகுதியும் கண்டது. ஐதர் அலி பிறந்தது இங்கேதான். அவருடைய தந்தையார் பத்தே முகம்மது ஆற்காட்டு நவாபுக்காக ஐம்பது ஏவுகணை வீரரை இவ்வூரில் வைத்திருந்தார் என்பர் வரலாற்றாசிரியர். தந்தையார் கோலாரில் அடங்கியிருக்கிறார். மகனோ, சுடுகலன்களும் துப்பாக்கிமுனை ஈட்டியும் தாங்கிய சிப்பாய்ப் படையை இந்தியர் ஆணையின்கீழ் முதன்முதலாக அமைத்தவர் எனப் புகழ் பெற்றார். 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை சிதறியபோது, மைசூர் ஏவுகணைகள் அதன் வெடிமருந்து வண்டிகளைப் பற்றவைத்தன. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன்பின் இம்மண்ணில் துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை வேறொருவருடையதாயிற்று.

அம்முடிவு 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமாக வந்தது. லிட்டன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு கருவியை வைத்திருப்பதற்காக எழுந்த வேண்டுகோளாக மட்டும் அதனைக் கருதலாகாது. ஒரே குற்றத்திற்கு நிறம் பார்த்து நீதி வழங்குவதை எதிர்த்த குரல் அது.

வடஆற்காட்டுச் சிற்றூர்களிலிருந்து தங்கச் சுரங்கத்திற்கு வந்த நம் முன்னோர்க்கு அந்நிற வேற்றுமையை எவரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. தங்கவயலில் வெள்ளையரையும் ஆங்கிலோ-இந்தியரையும் கொண்ட துணைப்படைப் பட்டாலியன் ஒன்று இருந்தது. அவர்கள் சுட்டுப் பழகியபின், குண்டு பாய்ந்து குலைந்த மண்மேட்டைக் கொத்திச் செப்பனிடும் வேலை நம் பாட்டனாருக்கு வாய்த்ததுண்டு. மண்ணில் நசுங்கிக் கிடந்த ஈயத்தைத் தொட்டிருக்கிறார். அதை ஏவிய துப்பாக்கியைத் தொட்டதில்லை. "குறி தவறினதும் நமக்குத் தெரியும், தைத்ததும் நமக்குத் தெரியும், சுட்டது மட்டும் தெரியாது" என்று நகைத்துக்கொண்டே சொல்வார்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நம் மக்களுள் பலர் விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலை தேடிப் போயினர். சிலர் கடல் கடந்தனர். நாம் பூதிகோட்டைக்கு அருகே சிறுநிலம் வாங்கிக் கேழ்வரகும் தக்காளியும் பயிரிட்டோம். காமசமுத்திரக் காடு தொலைவில் இல்லை. தனிவீடு, காட்டோரம், இரவுக் காவல் என்ற காரணங்களைக் காட்டித் தற்காப்புக்கென விண்ணப்பித்தோம். காவல்துறையின் விசாரணையும் மருத்துவச் சான்றும் பிறவும் முடிந்து, மாவட்ட நிருவாகத்தின் முத்திரையோடு உரிமம் வந்தது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. உரிமம் ஐந்தாண்டு செல்லும். உரிமத்தில் நம் பெயரைப் படித்தபோது பாட்டனார் கொத்திய மண்மேடுதான் நினைவுக்கு வந்தது.

இனித் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வோம். போல்ட் ஆக்ஷன் எனப்படும் இவ்வகையைத் தாழ்ப்பாள் துப்பாக்கி எனலாம். கதவுத் தாழ்ப்பாளின் வேலையே இங்கும் நடைபெறுகிறது. கைப்பிடியை மேலே தூக்கினால் பூட்டு விடும். பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். முன்னே தள்ளினால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். கீழே மடக்கினால் பூட்டு விழும். இம்முறையைப் படைக்கருவியில் நிலைநிறுத்தியது 1841-இல் பிரஷ்யா ஏற்ற டிரைசின் ஊசித் துப்பாக்கி. நம் கையிலிருப்பது ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த அமைப்பின் வழிவந்தது. இரு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய் தோளில் சுமந்த லீ-என்ஃபீல்டின் தம்பி என்றே இதனைக் கொள்ளலாம். வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை இதன் பிறப்பிடம். அரசின் படைக்கலத் தொழிற்சாலைகளையெல்லாம் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு நிறுவனங்களாகப் பகுத்தனர். இச்சாப்பூரும் அவற்றுள் ஒன்றன்கீழ் வந்தது.

.315 என்னும் அளவுக்கு ஒரு கதை உண்டு. படையினரின் .303 தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தினால், களவுபோன தோட்டா எளிதில் பயன்பட்டுவிடும் என்று ஆங்கில அரசு அஞ்சியது. ஆகவே பொதுமக்களுக்கு .303 விலக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப, ஆஸ்திரிய-அங்கேரியப் படை பயன்படுத்திய 8 மில்லிமீட்டர் தோட்டா இங்குக் குடியேறியது. அப்பேரரசு 1918-இல் மறைந்தது. அதன் தோட்டாவோ இந்தியாவில் இன்றும் வாழ்கிறது. .303 இன்றும் விலக்கப்பட்ட அளவே. ஆண்டவர் போயினர்; அவர்தம் அச்சம் மட்டும் சட்டத்தில் தங்கிவிட்டது.

தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 16 கிராம். விநாடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் விரைவில் குழலை விட்டுப் புறப்படுகிறது. இக்காலத்து ரைபிள்களோடு ஒப்பிட்டால் இது கனத்த குண்டு, நிதானமான விரைவு. அருகில் வலிமை மிகுதி. தொலைவு கூடக்கூட விரைந்து தாழும். எனவே நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் பயன்படுத்துவதற்கே இது தக்கது. பயிற்சித் திடலில் குப்புறப் படுத்து, தொலைநோக்கி ஏதுமின்றி இரும்புக் குறியைக் கொண்டே நூறு மீட்டரில் சுட்டோம். முதல் வெடியில் தோளில் விழுந்த உதை, முரட்டு மாமன் தட்டிக்கொடுத்தது போல் இருந்தது. கட்டையைத் தோளோடு இறுகப் பொருத்தி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்லப் பிழியக் கற்றபின் ஐந்து தோட்டாவும் விரித்த கையளவுக்குள் தைத்தன. நம் வயதுக்கும் கண்ணுக்கும் அது போதும்.

இத்துப்பாக்கியில் நாம் கண்ட சிறப்பு வேறொன்று. லீ அமைப்பில் தாழ்ப்பாளை முன்னே தள்ளும்போதுதான் சுடும் ஊசியின் வில் ஏறுகிறது. இறுதி அங்குலத்தில் வில்லின் எதிர்ப்பு உள்ளங்கைக்குத் தெரியும். அதை வென்றே பூட்ட வேண்டும். ஒரு குண்டுக்கும் மறு குண்டுக்கும் இடையே கை நான்கு செயல்களைச் செய்தாக வேண்டும். பழகிய படைவீரன் அவற்றை நொடியில் முடிப்பான். நம்மைப் போன்றோருக்கு அது ஓர் இடைவெளி. எண்ணிப் பார்க்கக் கிடைத்த இடைவெளி.

அவ்விடைவெளியின் அருமையை ஓர் இரவு உணர்த்தியது. பக்கத்து நிலத்துக்காரர் நம்மை "அண்ணா" என்று அழைக்கும் உரிமையுடையவர். கடன் வாங்கிப் பயிரிட்ட அவருடைய கேழ்வரகில் காட்டுப் பன்றிக் கூட்டம் புகுந்தது. விளக்கோடு ஓடிவந்து, "அண்ணா, துப்பாக்கியை எடுத்து வாருங்கள், ஒன்றை வீழ்த்தினால் போதும், மற்றவை இந்தப் பக்கமே திரும்பா" என்றார். நாம் எடுக்கவில்லை. தகரத்தைத் தட்டியும் வெடி கொளுத்தியும் கூட்டத்தை விரட்டினோம். விடிந்தபோது பாதிப் பயிர் மண்ணோடு கிடந்தது. "அலமாரியில் வைத்துப் பூசை செய்யவா வாங்கினீர்கள்?" என்று கேட்டார். பல நாள் நம்மோடு பேசவில்லை.

அவர் சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும் சட்டம் தெளிவானது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. பயிரை அழிக்கும் பன்றியைச் சுடுவதற்கும் தலைமை வனவுயிர்க் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தால் ஆணை தரவேண்டும். யானைக்கு அதுவும் இல்லை. பயிரழிவு அதனைக் கொல்லப் போதிய காரணமாகாது. கேரளம் 2022 முதல் ஊராட்சிகளின் வழியாக உரிமம் பெற்ற துப்பாக்கியாளரைப் பன்றிக்கு எதிராகப் பயன்படுத்துகிறது. தமிழ்நாடு 2025 சனவரியில் வகுத்த முறையில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். ஆணை இருந்தால் துப்பாக்கியை எடுப்போம் என்று அண்டை வீட்டாரிடம் சொன்னோம். வனத்துறைக்கு விண்ணப்பமும், இழப்பீட்டுக்கான மனுவும் நாமே எழுதிக் கொடுத்து, உடன் சென்றோம். இருளில் சுட்ட குண்டு பன்றியோடு நில்லாது என்பதும் நாம் அஞ்சிய காரணங்களுள் ஒன்று. தைக்காத குண்டு அடுத்த வயலில் காவல் இருப்பவனைத் தேடிச் செல்லும். ஏழையின் பயிரைக் காக்கச் சென்று ஏழையின் உயிரைப் போக்குவது எவ்வகை உதவி?

சுடுவதில் தேர்ச்சி பெற விலங்கின் உயிர் தேவையில்லை என்பதை நம் இளைஞர் உலகுக்குக் காட்டி வருகின்றனர். அபினவ் பிந்திரா 2008-இல் பெய்ஜிங்கில் காற்றுத் துப்பாக்கியால் தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-இல் இலண்டனில் வெண்கலம் பெற்றார். 2024-இல் பாரிசில் சுவப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மும்முறைப் போட்டியில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்து குசராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவிற்காகக் களமிறங்கினார். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் மகள் அவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. அவருடைய துப்பாக்கிமுனையில் இருந்தது ஒரு புள்ளியே.

உரிமையாளன் என்னும் சொல்லின் பொருளும் இம்மூன்றாண்டுகளில் நமக்கு மாறியது. தாழ்ப்பாளைத் தனியே கழற்றி ஓரிடத்திலும், துப்பாக்கியைப் பூட்டிய இரும்பு அலமாரியிலும், தோட்டாக்களை வேறோரிடத்திலும் வைக்கிறோம். மழைக்காலத்தில் வாரந்தோறும் குழலுக்கு எண்ணெய் இடுகிறோம். 2023-இல் சட்டமன்றத் தேர்தலுக்கும் 2024-இல் மக்களவைத் தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து இரசீது பெற்று, முடிந்தபின் மீட்டு வந்தோம். வாங்கிய தோட்டாவும் சுட்ட தோட்டாவும் கணக்கேட்டில் ஒத்துப் போகவேண்டும். உடைமை என்று எண்ணி வாங்கினோம். ஊர் நம்மிடம் ஒப்படைத்த பொறுப்பு என்று அறிந்தோம்.

வெளிநாட்டில் பணிபுரியும் நம் மகன், "அப்பா, உங்களுக்குப் பின் அது எனக்கு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறான். அவன் விருப்பம் அதுவாயின் தடையில்லை. சட்டப்படி வாரிசு தனியே உரிமம் பெறவேண்டும். விரும்பாவிடின் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துவிடலாம். அவனுக்கு எழுதிய மறுமொழியில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டோம். துப்பாக்கியைக் கொடுத்துவிடும் நாளில் கணக்கேட்டை மட்டும் அவன் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சித் திடலில் சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் தேதியோடு அதில் இருக்கிறது. உயிரின்மேல் சுட்டதாக ஒரு வரியும் இல்லை. பாட்டனாரின் மண்மேட்டுக் கதையை அதன் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகள் தமிழ் படிக்கக் கற்றால், அவ்வேடே போதும், துப்பாக்கி வேண்டா.