கெட்டிக்காரன் என்ற சொல்

நான் ஆசிரியனாயிருந்த யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் பரிசளிப்பு விழா மேடை முதல் மூவருக்கே உரியது, ஏனையோர் கைதட்டுவோர். இங்கு சிட்னியிலோ பல இடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம். எதற்காகக் கிடைத்தது என்பது பிள்ளைக்கே தெரியாது. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை.

நாம் அன்போடு சொல்லும் "கெட்டிக்காரன்" என்பதும் அத்தகையதே. கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்னும் உளவியலாளர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 1998இல் வெளியிட்டனர். கடினமான புதிர்களில் தோற்றதும், அறிவுக்காகப் புகழப்பட்டோர் சோர்ந்தனர். முயற்சிக்காகப் புகழப்பட்டோர் தொடர்ந்து முயன்றனர்.

என் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'ழ'கரத்தோடு ஏழு வாரம் போராடினாள். "மழை" சரியாக ஒலித்த அன்று, "நாவை நன்றாக வளைத்தாய், அதனால் வந்தது" என்றேன். மறுவாரம் தம்பிக்கு அதையே கற்பித்துக்கொண்டிருந்தாள்!

பெற்றோரே, பிள்ளையின் கொப்பியில் புள்ளியை மட்டும் பாராதீர்கள். அழித்துத் திருத்திய இடத்தைத் தேடி, அதைச் சுட்டிப் பாராட்டுங்கள். தொலைபேசியில் தமிழ் பேசித் தடுமாறும்போது சிரிக்க வேண்டாம். சிரிப்புக்கு அஞ்சித் தமிழ் பேசுவதையே நிறுத்திய பிள்ளைகள் பலரை அறிவேன். அம்மம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.