சிப்புட் பாபி வந்த வழி

பினாங்கில் மழை ஓய்ந்த இரவுகளில் மதிலேறும் பெரிய பழுப்பு நத்தைக்கு மலாயில் சிப்புட் பாபி என்று பெயர், பன்றி நத்தை. பெயர் நாவில் ஊறிப்போனதால், ஆதிமுதல் இங்கேயே இருந்த உயிர் என்று நினைத்துவிடுகிறோம். அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது ஒவ்வொரு கட்டத்திலும் எனக்குத் தட்டுப்பட்டது மனிதக் கைதான். தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம். அங்கிருந்து மடகாஸ்கருக்கும் மொரிசியசுக்கும் பரவியது. நத்தைகளை ஆராய்ந்துவந்த வில்லியம் பென்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மொரிசியசிலிருந்து உயிரோடு கொண்டுவந்தவை 1847இல் கல்கத்தா சவுரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. 1900வாக்கில் இலங்கை மலையகத்தின் வட்டவளைக்கு வந்தது. நம்மவர்கள் கொழுந்து பறித்த அதே சரிவுகள். 1920களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இதைப் பயிர்ப்பகை என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். நத்தை தானாகக் கடல் கடப்பதில்லை. ஆர்வத்தாலோ கவனக்குறைவாலோ மனிதர்கள் சுமந்து வந்ததை மனிதக் கையாலேயே பொறுக்கி அகற்ற வேண்டும் என்பதுதான் என் வாதம். அந்த வேலையை விஷத்திடமோ வேறோர் அந்நிய உயிரிடமோ ஒப்படைத்த இடங்களில் நேர்ந்ததைப் பார்த்த பிறகு இந்த முடிவுக்கு வந்தேன்.

முதலில் விஷம். கடைகளில் நத்தை மருந்து என்று விற்கும் குருணைகளில் பலவற்றின் உயிர்நாடி மெட்டால்டிஹைடு. அது தோட்டத்துக்காகப் பிறந்த பொருளே அல்ல. கூடாரமடிப்பவர்கள் சமைக்க எரிக்கும் வில்லை எரிபொருள் அது. சிதறிக் கிடந்த வில்லைகளைத் தின்ற நத்தைகள் செத்துக் கிடந்ததை 1930களில் தற்செயலாகக் கவனித்தார்கள். நத்தையை இழுக்க அதைத் தவிட்டோடும் தானியத்தோடும் பிசைகிறார்கள். அந்த வாசனை நாயையும் இழுக்கிறது. தின்ற நாய்க்கு உடல் நடுங்கும், வலிப்பு வரும், காய்ச்சல் உயிரைக் குடிக்கும் அளவுக்கு ஏறும். முறிமருந்து கிடையாது, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுவதுதான் வழி. பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் ஆபத்து என்று பிரிட்டன் 2022 முதல் திறந்தவெளியில் இதைத் தடை செய்துவிட்டது. வீட்டுக்கு வீடு பூனை திரியும் ஜார்ஜ் டவுனில் இதை மண்ணில் தூவ என்ன நியாயம் இருக்கிறது?

விஷம் வேண்டாமென்றால் நத்தை தின்னும் உயிரைக் கொண்டுவரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஹவாயில் 1955இல் அதைத்தான் செய்தார்கள். யூக்ளாண்டினா என்ற வேட்டை நத்தையை இறக்கினார்கள். அது ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கவில்லை, தீவுக்கே உரிய சின்ன நத்தைகளைத் தின்று தீர்த்தது. 1977இல் பசிபிக்கின் மோரேயா தீவிலும் அதே கதை நடந்தது. பத்தே ஆண்டுகளில் அந்தத் தீவுக்கே உரிய பார்டுலா நத்தைகள் காட்டில் ஏறக்குறைய அழிந்தே போயின. ஆனால் மண்ணின் சொந்த வேட்டைக்காரர்கள் வேறு. செம்போத்து இந்த நத்தையைக் கொத்தித் தின்னும். இலங்கையில் ஒருவகை மின்மினியின் புழுக்கள் இதைத் தாக்கித் தின்பதை 1920களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். குருணை தூவிய தோட்டத்தில் இந்த உதவியை எதிர்பார்க்க முடியாது.

கையால் பொறுக்கி முடியுமா என்பது நியாயமான கேள்வி. ஒரே நத்தை ஒரு தடவையில் நூறு, இருநூறு முட்டை இடும். ஆண் பெண் என்ற பிரிவில்லாததால் எல்லா நத்தையும் இடும். 1966இல் ஒரு சிறுவன் மூன்றே மூன்று நத்தைகளை ஹவாயிலிருந்து மயாமிக்குக் கொண்டுபோனான். ஏழு ஆண்டுகளில் அவை பதினெட்டாயிரத்தைத் தாண்டின. அங்கே ஒழித்துக் காட்டினார்கள். விஷமும் வைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தெருத் தெருவாகப் பொறுக்காமல் அது நடந்திருக்காது. ஒரு வீட்டுத் தோட்டம் அவ்வளவு பெரிய போர்க்களமும் அல்ல. பகலில் அவை ஒளிகிற உடைந்த தொட்டி, பலகை, மட்கும் வாழைமட்டை ஆகியவற்றை அப்புறப்படுத்தி, சாயங்காலத்துக்குப் பதில் காலையில் நீரூற்றி, இரவில் விளக்கோடு போனால் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறையும். மண்ணைக் கிளறும்போது அகப்படும் வெளிர்மஞ்சள் முட்டைக் குவியலை நசுக்குவது நூறு நத்தையைப் பொறுக்குவதற்குச் சமம். ஓடு வளரச் சுண்ணாம்பு தேடும் பிராணி இது; பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புச் சுவரைக்கூடச் சுரண்டும். ஆகவே சுவரோரத்தையும் பாருங்கள். உப்புக் கொட்ட வேண்டாம். அது நத்தைக்குச் சித்திரவதை, செடிக்கும் கேடு. கொதிநீர் ஒரு நொடியில் முடித்துவிடும். கையுறை கட்டாயம். எலியிடமிருந்து நத்தைக்கு வரும் நுரையீரல் புழு மனித மூளை உறையைத் தாக்கக்கூடியது. பச்சையாகத் தின்னும் கீரையை இலை இலையாகக் கழுவுவதும் அதனால்தான். குருணை வைத்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு இரும்புப் பாஸ்பேட் இருக்கிறது. மெட்டால்டிஹைடைவிட ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் நாய் பையோடு தின்றால் அதுவும் கேடுதான்.

இரும்புப் பாஸ்பேட்டிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதற்கும் நத்தைக்கு நத்தை வேறுபாடு தெரியாது. தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குவாண்டுலா என்றொரு நத்தை வாழ்கிறது. 1943இல் சிங்கப்பூரில் யாடா ஹனேடா என்ற ஜப்பானிய அறிஞர் அது இருட்டில் பச்சையாக மின்னுவதைக் கண்டார். தோட்டத்துப் புல்லிலும் ஊரும். ஆப்பிரிக்க நத்தையின் ஓடு கூம்பாக நீண்டு கூராக முடியும். குவாண்டுலாவினுடையது தட்டையாகச் சுருண்ட சின்ன ஓடு. வாளியில் போடுமுன் விளக்கைக் கொஞ்சம் அணைத்துப் பாருங்கள். குட்டியாக இருந்தால் இன்னும் நன்றாக மின்னும்.