பேர் எழுதாத பாக்கெட்டு

வெளிநாட்டுலேர்ந்து வந்த தோழர் ஒருத்தர் அயர்லாந்து விஸ்கி ஊத்திக் கொடுத்தார். புஷ்மில்ஸ், 16 வருஷத்துச் சரக்கு. ஷெர்ரி, பர்பன் பீப்பாய்கள்ல ஊறி, கடைசியா போர்ட் ஒயின் பீப்பாயில சில மாசம் கிடந்தது. "மோந்து பாருங்க, உலர்ந்த திராட்சை வாசம் வரும்" என்றார். வந்தது. நல்லாத்தான் இருந்தது.

எங்கப்பா உப்பளத்து வேலைக்காரர். உப்பு அரிச்ச கால்புண்ணோட வந்து, மூச்சைப் பிடிச்சு ஒரே மடக்குல குடிப்பார். வலி அடங்கணும், அவ்வளவுதான்.

பக்கத்துக் கடல்தொழில் ஊர் எக்கியார்குப்பம். 2023 மே மாதம் அங்கே குடித்த சாராயத்தில் மெத்தனால். செங்கல்பட்டு மாவட்டச் சாவுகளையும் சேர்த்தால் 20 பேருக்கு மேல். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60 பேருக்கு மேல்.

"கண்டதையும் குடிச்சு செத்தானுங்க" என்கிறார்கள். மெத்தனாலை எந்த நாக்கும் பிரித்துச் சொல்லாது. உடம்புக்குள் போய் பார்மிக் அமிலமாகி கண் நரம்பை அழிக்கும், ஆளைக் கொல்லும். அதற்கு மருத்துவர்கள் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால். தோழர் ஊத்திய விஸ்கியில் இருப்பதும் அதேதான்.

ஐரிஷ் விஸ்கி 3 வருஷமாவது மரப்பீப்பாயில் கிடக்கணும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. எந்த மரம், எத்தனை வருஷம் என்று பாட்டிலில் படிக்கலாம். எங்க ஆளு வாங்கின பாக்கெட்டில் ஒரு எழுத்து கிடையாது.

செத்தவன் நாக்கைக் குறை சொன்னது போதும். அந்த மெத்தனால் யார் கையெழுத்தில், எந்த டிரம்மில் ஆலையை விட்டு வெளியே வந்தது? அதைக் கேளுங்க.