பழைய வண்டிக்குப் புதுக் குளிர்

குளிர் என்று தனியே ஒரு பொருள் உலகில் இல்லை. வெப்பம் நீங்கிய நிலைக்கே நாம் குளிர் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். பௌதிகவியல் வகுப்பிலே ஆண்டுதோறும் இதனைச் சொல்லி வருபவன் நான். மாணாக்கர் தலையசைத்துக் கேட்பர். பரீட்சையிலும் பிழையின்றி எழுதிவிடுவர். ஆயினும், அச்சிறு உண்மை ஒரு குடும்பத்தின் கைப்பணத்தையும் ஒரு முதியவரின் மூச்சையும் தொட்டு நிற்கும்போது, வகுப்பறையிலே காணாத பல நுட்பங்கள் புலனாகின்றன.

கிளிநொச்சியிலே நெற்செய்கை பார்க்கும் என் தமையனாரிடம் 1991ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஜப்பானிய டீசல் பிக்கப் ஒன்று உண்டு. நெல்மூடைகளையும் உரப்பைகளையும் சுமந்து அதன் பின்பகுதி நெளிந்துவிட்டது. இயந்திரம் மாத்திரம் இன்றும் உறுதியாக இருக்கிறது. மாதம் ஒருமுறை எங்கள் தந்தையாரை யாழ்ப்பாணத்துக்கு வைத்தியரிடம் அழைத்து வருவதும் அவ்வண்டியே. தூரம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். தந்தையாருக்கு வயது 82, நெஞ்சிலே இழுப்பு. கண்ணாடியைத் திறந்தால் தூசி, மூடினால் வேக்காடு. ஆதலால் குளிரூட்டி எங்களுக்கு ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. அது சித்திரை வெயிலிலே, நடுவழியில், பட்டி கிறீச்சிட்டுப் புகைய, நின்றுபோயிற்று.

புதுவண்டி வாங்கலாமே என்பாரும் உளர். 2020ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழிவிடப்பட்டது. வழி திறந்தாலும், விலை ஆசிரியனுக்கும் கமக்காரனுக்கும் எட்டும் உயரத்தில் இல்லை. இருப்பதைத் திருத்துவதே எங்களுக்குரிய மார்க்கம்.

முதலிலே பார்த்த திருத்தகத்தில், கொம்பிறசர் இறுகிவிட்டது, வேறொன்றைப் பூட்டிக் காஸ் நிரப்பினால் அரைநாளில் வேலை முடியும் என்றார்கள். தமையனாருக்கு அது பிடித்துவிட்டது. விதைப்புக்கு முன் வண்டி கைக்கு வரவேண்டும் என்பது அவர் கவலை. இரண்டாவதாகப் பார்த்தவர், இத்தொழிலிலேயே தலை நரைத்த ஒருவர். பழைய கொம்பிறசரைக் கழற்றி, அதன் வாயைச் சரித்து ஒரு வெள்ளைத் துணியில் எண்ணெயை ஊற்றிக் காட்டினார். கீல் போன்ற கருங்குழம்பு. அதனுள் வெயிலில் மினுங்கும் உலோகத் துகள்.

"மாஸ்ரர், புதுசு பூட்டலாம். ஆனா உள்ளுக்க கிடக்கிற இந்தக் குப்பையை எடுக்காமல் பூட்டினால், அதுவும் மூண்டு மாசத்தில செத்துப்போம்" என்றார்.

"அப்ப என்னென்ன மாத்தவேணும், அண்ணை?" என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். தமையனார் மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார்.

கொம்பிறசர் எப்படி இறந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும். அவ்வண்டி தயாரிக்கப்பட்ட காலத்தில் குளிரூட்டிகளுக்கு ஆர்-12 என்னும் வாயுவே ஊற்றப்பட்டது. இவ்வகை வாயுக்கள் வான்மேலுள்ள ஓசோன் படையைச் சிதைக்கும் என்பதை மொலினா, றோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974இல் எடுத்துரைத்தனர். 1995இல் குருட்சன் என்பவருடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. ஆர்-12 ஒழிய, அதன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. வந்த வாயுவுக்கும் பழைய கனிய எண்ணெய்க்கும் ஒத்துப்போகாது. ஆர்-12 தன்னுடன் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு சுற்றிவந்து கொம்பிறசருக்கு மீட்டளிக்கும். புதியது அதனைக் குழாய்களிலேயே தங்கவிட்டுவிடும். எங்கள் வண்டியை முன்னர் வைத்திருந்தவர் எவரோ, எண்ணெயையும் இறப்பர் வளையங்களையும் மாற்றாமல், வாயுவை மட்டும் மாற்றியிருக்கிறார். கசியக் கசிய நிரப்பியும் வந்திருக்கிறார். எண்ணெயின்றி உராய்ந்து உராய்ந்து அந்தக் கொம்பிறசர் தன்னைத்தானே அரைத்துக்கொண்டது.

அன்றிரவு வீட்டிலே ஒரு சிறு வழக்காடல் நடந்தது. மேற்செலவு என் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கும். இந்த வயதான வண்டிக்கு அவ்வளவும் வேண்டுமா என்பது தமையனாரின் கேள்வி. வண்டியின் வயதைப் பாராதே, அதில் ஏறுகிறவரின் வயதைப் பார் என்றேன். அவர் விடை சொல்லவில்லை. அதனைச் சம்மதம் என்றே கொண்டேன்.

பாவித்த கொம்பிறசரைத் தேடி நான் கொழும்புக்குச் சென்று பஞ்சிகாவத்தையிலே ஒரு பகல் முழுதும் அலைந்தேன். திருத்துநர் சொல்லி அனுப்பிய புத்திமதிகள் பெரிதும் உதவின. கப்பியிலுள்ள பள்ளங்களின் தொகை ஒத்திருக்க வேண்டும். காந்தப்பிடியின் சுருள் 12 வோல்ற்றுக்குரியதா என்று பார்க்க வேண்டும். டீசல் வண்டிகளிற் சில 24 வோல்ற்றிலும் ஓடுவன. அச்சைக் கையால் திருகும்போது நறநறப்பின்றிச் சுழல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் வாய்கள் மூடியிடப்பட்டிருக்க வேண்டும். வாய் திறந்து கிடந்தது காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். மலிவாகக் கிடைத்த இரண்டை இதனாலேயே தள்ளிவிட்டு, மூன்றாவதை வாங்கினேன்.

வேலை இரண்டு நாள் நடந்தது. எஞ்சியிருந்த வாயுவை அவர் வெளியே திறந்துவிடாமல் ஒரு சிலிண்டரில் இழுத்தெடுத்தார். ஆர்-134ஏ ஓசோனைத் தீண்டாது. எனினும் பூமியைச் சூடாக்குவதில் அதே நிறைக் கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேல் வல்லது. பின்னர் முன்புறத்து ஒடுக்கியையும் குழாய்களையும் கழுவுதிரவம் பாய்ச்சி, நைதரசனால் ஊதிச் சுத்தஞ்செய்தார். விரிவு வால்வை மாற்றுவதற்காக முன்தட்டின் பின்னாலிருந்த ஆவியாக்கிப் பெட்டியைத் திறந்தபோதுதான் எல்லோரும் திகைத்துப்போனோம். தகட்டு இடுக்குகள் முழுவதும் நெற்பதரும் வைக்கோற்றூளும் ஈரத்தில் ஊறிப் பூஞ்சணம் பிடித்து, ஒரு கம்பளிபோலப் படிந்திருந்தன. தந்தையாரின் முகத்துக்கு நேரே வந்த காற்று இத்தனை காலமும் அதனூடாகவே வந்திருக்கிறது. அரைநாள் வேலையில் அந்தப் பெட்டி திறக்கப்பட்டிராது. தமையனார் ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டு, தூரிகையும் சவர்க்கார நீருமாகத் தாமே அதனைக் கழுவ உட்கார்ந்தார்.

உலர்த்தி என்னும் சிறு உருளையை இறுதிவரை உறை பிரிக்காமலே வைத்திருந்தனர். ஈரத்தை உறிஞ்சுவதே அதன் தொழிலாதலால், முன்னதாகத் திறந்தால் ஊரின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் களைத்துவிடும். அதன்பின் வெற்றிடப் பம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் இயங்கியது. நீர் 100 பாகையிற் கொதிப்பது 760 மில்லிமீற்றர் இரச அமுக்கத்திலே; அமுக்கம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றருக்கு இறங்கினால் 30 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். அவ்வாறுதான் குழாய்களுள் ஒளிந்திருந்த ஈரம் வெளியேறுகிறது. ஈரம் தங்கினால் விரிவு வால்வின் நுண்துளையிலே பனிக்கட்டியாகி வழியடைக்கும். எண்ணெயுடன் கூடி அமிலமுமாகும். பம்பியை நிறுத்தி அரைமணி காத்திருந்தோம். மானியின் முள் அசையவில்லை. பழைய வாயுவின் நிறையிலே நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு மட்டுமே புதியதை நிறுத்து ஏற்றினார். கூட ஏற்றினால் கூடக் குளிரும் என்று எண்ணுவோர் பலர். அமுக்கம் மிகுந்து கொம்பிறசர்தான் வருந்தும்.

பாடசாலையிலிருந்து கொண்டுசென்ற வெப்பமானியைக் காற்றுவாயிலிலே செருகினேன். வெளியே 34 பாகை; ஓட்டத்திலே உள்ளே வந்த காற்று 9 பாகை. முந்திச் செல்லும்போது இயந்திரம் சற்றே முனகுகிறது. அது பழைய டீசல் இயந்திரத்தின் சுபாவம்.

அடுத்த மாதப் பயணத்தில் தந்தையார் பரந்தன்வரை சால்வையைப் போர்த்திக்கொண்டு பேசாமல் வந்தார். ஆனையிறவு தெரிந்ததும், "தம்பி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு, கடற்காத்து வரட்டும்" என்றார். தமையனார் என்னைப் பார்த்தார். நான் இறக்கிவிட்டேன்.