சாட்சி கார்டு

"உங்கப்பா எடுத்த கூத்து திக்குதுடா" என்றாள் அம்மா.

செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதை அம்மன் திருவிழா நடக்கும் இரவுகளில் அப்பா கூத்துப் பார்க்கப் போய்விடுவார். கடைசி சில ஆண்டுகளாக வெறுமனே பார்த்துவிட்டு வருவதில்லை. பத்து நிமிடம் பத்து நிமிடமாக போனில் பிடித்துக்கொண்டு வருவார். மொத்தம் 43 துண்டுகள். போன் நிரம்பிவிட்டது என்று அவர் சொன்னபோது 128 ஜிபி மெமரி கார்டு ஒன்றை 350 ரூபாய்க்கு நடைபாதைக் கடையில் வாங்கி, எல்லாவற்றையும் போனிலிருந்து வெட்டி அதில் ஒட்டிக் கொடுத்தவன் நான். அப்பா இப்போது இல்லை. அம்மா தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் துண்டைப் போட்டுப் பார்ப்பாள். அர்ச்சுனன் தபசு. முகவீணைக் குழல் ஏறிக்கொண்டே வரும்போது சட்டென்று அறும். படம் உறையும். ஒரு மூச்சு கழித்து மறுபடி ஓடும்.

போன் நிறுவனத்தின் சேவை மையத்தில் இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்கள்: போனை ரீசெட் செய்யலாம், கார்டை ஃபார்மேட் செய்யலாம். இரண்டில் எதைச் செய்தாலும் என்ன போகும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒலிப்பதிவு வேலை செய்யும் நண்பர் ஒருவர்தான், "எதையும் தொடாம பாய்கிட்ட கொண்டு போ" என்று ரிச்சி தெருவுக்கு அனுப்பிவைத்தார்.

அண்ணா சாலையில் கேசினோ தியேட்டர் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. வயர், ஸ்பீக்கர், சார்ஜர், ரிமோட் என்று மின்னணுச் சாமான்களின் தெரு. குறுகலான மாடிப்படி ஏறினால் பாயின் கடை. முன்பக்கம் இரண்டு பையன்கள் டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடையின் வாடகை அவர்கள் கையில்தான் இருக்கிறது. பாய் உள்ளே ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும்.

போனைக் கையில் வாங்கவில்லை. முதலில் கேள்விதான்.

"ஒரே எடத்துல திக்குதா சார், மாறி மாறித் திக்குதா?"

அப்படி நான் யோசித்ததே இல்லை. போட்டுப் பார்த்தோம். இரண்டாம் முறை போட்டபோதும் ஏறத்தாழ அதே இடங்களில் நின்றது.

"மாறி மாறி நின்னா போனு, ஸ்லாட்டு, பின்னாடி ஓடுற ஆப்பு எதையாவது சந்தேகப்படலாம். கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னா சூடு. ஒரே எடத்துல நின்னா ஃபைலு, இல்லன்னா கார்டு."

ஃபைலா கார்டா என்பதற்கு அவரிடம் ஒரு சோதனை இருந்தது. அதே துண்டைக் கார்டிலிருந்து போனின் சொந்த நினைவகத்துக்கு நகலெடுத்தார். 'வெட்டு' இல்லை, நகல்தான். இதை இரண்டு முறை சொன்னார். நகலெடுக்கும் கோடு நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. முடிந்ததும் நகலைப் போட்டார். முகவீணை ஒரே இழையாக வந்தது. எங்கும் அறவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. ஃபைல் நன்றாக இருக்கிறது. போனுக்கும் அதை ஓட்டத் தெரிகிறது. மிச்சமிருப்பது கார்டும், கார்டு உட்காரும் ஸ்லாட்டும்.

அப்போதுதான் ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தார். பிலிம் ரோல் வரும் டப்பா. உள்ளே பஞ்சில் ஒரு கார்டு. 8 ஜிபி, கிளாஸ் 4. எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

"இது என் சாட்சி."

பல வருடங்களாக அவரிடம் இருக்கும் கார்டு. அதில் சில பாட்டும் இரண்டு மூன்று படமும் மட்டும். ஒவ்வொன்றும் எந்த நொடியில் எப்படி ஒலிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். சந்தேகப்படும் போன் எதுவானாலும் இதைப் போட்டுப் பார்ப்பார். இது திக்கினால் போனில் கோளாறு, திக்காவிட்டால் வந்த கார்டில் கோளாறு. ஸ்லாட்டை ஸ்பிரிட்டால் துடைப்பதற்கு முன்பே போட்டார். துடைத்துவிட்டுப் போட்டால், எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடுமாம். அம்மாவின் போனில் சாட்சி கார்டு தங்கு தடையின்றிப் பாடியது.

கார்டு வேகம் போதவில்லையோ என்று கேட்டேன். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நல்ல தரமான எம்பி3 பாட்டுக்கு நொடிக்கு 40 கேபி போதும். அப்பா பிடித்த வீடியோவுக்கு நொடிக்கு 2 எம்பி சொச்சம். கிளாஸ் 4 என்றாலே எழுதும் வேகம் குறைந்தது 4 எம்பி, படிப்பது அதற்கும் குறையாது. வேகமான கார்டு வாங்குங்கள் என்று கடைகளில் சொல்வது பெரும்பாலும் விற்பதற்கான பேச்சு. கார்டுக்குள் ஒவ்வொரு சிற்றறையிலும் துளி மின்னூட்டமாகத்தான் எல்லாம் பதிந்திருக்கிறது. மட்டமான அறைகளில் அது கசியும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் படித்துப் பார்க்கும், பிழை வந்தால் அளவை மாற்றி மறுபடி படிக்கும், மறுபடியும் படிக்கும். அந்தத் தேடலுக்கு ஆகும் நேரம்தான் நம் காதில் திக்கலாக விழுகிறது.

பாய் வாணியம்பாடிக்காரர். 14 வயதில் இதே தெருவில் டேப் ரெக்கார்டர் கடைக்கு வந்தவர். முதல் வேலை, சிக்கிய கேசட் நாடாவைப் பென்சிலால் சுற்றுவது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்தாலோ ரப்பர் உருளையில் அழுக்குப் படிந்தாலோ பாட்டு அழும். எந்தக் கோளாறுக்கு எந்த அழுகை என்று முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்வாராம். பிறகு விசிடி வந்தது. ஒரு வட்டில் 74 நிமிடம், ஒரு படத்துக்கு இரண்டு மூன்று வட்டு. கீறலிலும் தூசு படிந்த லென்ஸிலும் படம் கட்டம் கட்டமாக உடையும். அதற்கப்புறம் கார்டு. 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் கனம். டிரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் 2004இல் வந்து, மறு ஆண்டே மைக்ரோ எஸ்டி ஆனது. சுழல்கிற பாகம் எதுவும் இதில் இல்லை, ஆனாலும் திக்குகிறது. "நாப்பத்தஞ்சு வருஷமா திக்குற பாட்டத்தான் சார் கேட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

எங்கள் கார்டைக் கணினியில் செருகி, முதலில் எதையும் அதில் எழுதாமல் முழுப் பிரதி எடுக்கத் தொடங்கினார். அந்த மென்பொருள் நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. தேய்ந்த கார்டு எந்த நிமிடமும் செத்துப்போகலாம் என்பதால் இந்த வரிசை. மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் போனபோது பாய் உடனே பேசவில்லை. பெஞ்சில் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

11 துண்டுகள் முழுசாக வந்துவிட்டன. பன்னிரண்டாவதிலிருந்து ஒன்றும் இல்லை. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவும் இருக்கிறது. திறந்தால் வரிசை வரிசையாகப் பூஜ்யம். அம்மா முதல் சில துண்டுகளைத் தாண்டிப் போனதில்லை. எனக்கும் தெரியாமல் போயிற்று.

"கார்டு பொய் சொல்லுது சார்."

பிரதி எடுத்து முடித்தபின் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்திருக்கிறார். உண்மையான கொள்ளளவு 14 ஜிபி சொச்சம். தேறாத சிப்புகளைச் சேர்த்து, 128 என்று சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி எழுதி, பெரிய நிறுவனத்தின் உறை மாதிரியே உறை அச்சடித்து விற்கிறார்கள். 14க்கு மேல் நாம் எழுதுவதையெல்லாம் கார்டு தலையாட்டி வாங்கிக்கொள்ளும், எங்கும் வைக்காது. நான் வெட்டி ஒட்டிய அன்றே அந்த 32 துண்டுகளும் போய்விட்டன. அப்பா கடைசியாகப் போன திருவிழா அதில்தான் இருந்தது.

யார்மேல் கோபப்படுவது? எனக்கு விற்றவர் வெயிலில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர். ஒரு கார்டில் அவருக்கு என்ன பெரிதாய்க் கிடைத்திருக்கும்? கார்டைச் சோதித்து விற்கவும் அவரால் முடியாது. நொடிக்கு 10 எம்பி என்று வைத்தாலும் 128 ஜிபியை நிரப்ப மட்டுமே மூன்றரை மணி நேரம், படித்துச் சரிபார்க்க அதற்கு மேல். ஆனால் அவருக்கு மேலே, பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பவருக்குத் தெரியும். நல்ல 128 ஜிபி கார்டு எந்த விலைக்கு வருமென்று அன்றாடம் வியாபாரம் செய்கிறவர், அதில் கால்வாசிக்குக் கிடைப்பதை ஏன் என்று கேட்காமல் வாங்குகிறார் என்றால் அது அறியாமை இல்லை. அந்த லாபம் யாருடைய கல்யாண வீடியோவிலிருந்தும், யாருடைய குழந்தையின் முதல் பேச்சிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பது அவர் கணக்கில் வராது. தெருவில் சண்டை வரும்போது சட்டையைப் பிடிப்பது நடைபாதைக்காரரை. இல்லையென்றால், "உன்கிட்ட கொடுத்தப்புறம்தான் போச்சு" என்று பாயை.

இன்னொரு அநியாயமும் உண்டு. முன்பக்கத்துப் பையன் அரை மணியில் டிஸ்ப்ளே மாற்றினால் அதற்கு ஒரு கூலி இருக்கிறது. பாய் இரண்டு நாள் கேட்டு, ஒதுக்கி, பொறுத்திருந்து கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை. "பார்ட்ஸ் எதுவும் மாத்தலையே, என்னாத்துக்குக் காசுன்றாங்க." கோளாறு எங்கே இல்லை என்று ஒவ்வொன்றாக நிரூபிப்பதுதான் இந்தத் தொழிலின் முக்கால்வாசி. அதைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது என்பதற்காக நாம் விலை வைக்க மறுக்கிறோம். அவர் 300 ரூபாய் கேட்டார். ஆயிரம் கொடுத்தேன். வாங்கி மேசை டிராயரில் வைத்தார்.

சோதித்துப் பார்த்த புதுக் கார்டு ஒன்றில் 11 துண்டுகளையும் ஏற்றி, பென்டிரைவிலும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். அம்மாவின் போனில் போட்டுக் காட்டினார். அர்ச்சுனன் தபசு மரம் ஏறினான். முகவீணை எங்கும் அறாமல் அவனோடு ஏறியது. முன்பக்கத்துப் பையன்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எழுந்தபோது பாய், "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"சொல்லுங்க பாய்."

"இந்த ஒரு துண்ட என் சாட்சில வெச்சிக்கட்டுமா? அதுல இருக்குற பாட்டுங்க நடுவுல நின்னு நின்னு வரும். திக்குனா பாட்டா கோளாறான்னு ஒரு நொடி யோசிக்கணும். இதுல அந்தக் கொழலு மூச்சே வுடாம வருது. ஒரு இழ அறுந்தாக்கூட காதுல பட்டுடும்."

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கறுப்பு டப்பாவைத் திறந்து கார்டை எடுத்துச் செருகினார். இடம் போதவில்லை. பழைய படம் ஒன்றை அழித்துவிட்டு ஏற்றத் தொடங்கினார்.